880ல எக்ஸ்பிரஸ் லேன் காலியா ஓடுது, மத்த லேன் எல்லாம் நிக்குது. எல்லாருக்கும் திறந்துவிட்டா என்ன?

கும்மிடிப்பூண்டி எக்ஸ்பிரஸ்:

வணக்கம் மக்களே. கலிஃபோர்னியால ஃப்ரீமான்ட்ல இருக்கேன், ஆபீஸ் மவுண்டன் வியூ பக்கம், காலைல 880 ஃப்ரீவேல சவுத் பிடிச்சு 237 வழியா போறது. பே ஏரியால (சான் ஃபிரான்சிஸ்கோ சுத்துவட்டாரம்) ரொம்ப நாளா இருக்கற ஆளுங்க யாராவது எனக்கு ஒரு விஷயத்தை புரிய வைங்க. ஒத்த ஆளா ஓட்டிட்டு நடு லேன்ல மாட்டிக்கிட்டு முன்னாடி வண்டியோட பிரேக் லைட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறேன், இடது பக்கம் அந்த எக்ஸ்பிரஸ் லேன் (கார்ல மூணு பேர் இருந்தா ஃப்ரீ, ஆள் கம்மின்னா டோல் கட்டிட்டு போகலாம்) மட்டும் காத்து வாங்குது, ஒரு வண்டி சர்ருனு போகுது, அப்புறம் வெறும் ரோடு, அப்புறம் இன்னொண்ணு. ஒரு முழு லேனை இப்படி சும்மா போட்டு வச்சிட்டு இந்தப் பக்கம் இத்தனை பேரை நிக்க வைக்கிறது என்ன கணக்குன்னே தெரியல. திறந்துவிட்டா கொஞ்சம் பேர் அங்க நகர்ந்து மொத்த ரோடும் கொஞ்சம் வேகமா ஓடாதா?

அதோட 101 ஃப்ரீவே விஷயம். சான் மட்டேயோ கவுண்டில அரை பில்லியன் டாலருக்கு மேல செலவு பண்ணி 22 மைலுக்கு எக்ஸ்பிரஸ் லேன் போட்டாங்க. நம்ம வரிப்பணத்துல ரோடு போட்டுட்டு அதுல போக நம்மகிட்டயே காசு கேக்கறாங்க. சாதா லேனா போட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?

இன்னொரு சின்ன டவுட்டு, ஈவிக்கு, அதாவது எலக்ட்ரிக் காருக்கு, கார்பூல் லேன்ல (பல பேர் சேர்ந்து போற காருக்கான லேன்) ஒத்த ஆளா போக குடுத்த ஸ்டிக்கர் சலுகை 2025 செப்டம்பர் 30ஓட முடிஞ்சுதே, அதனால அந்த லேன் இன்னும் காலியாகும்னு ஆபீஸ்ல சொல்றாங்க, உண்மையா? கார்பூல் பண்ணுன்னு அட்வைஸ் மட்டும் வேணாம், டீம்ல எல்லாரும் ஆளுக்கொரு திசைல இருக்காங்க.

---

பிரியாணி டைம்:

நம்ம ஊர்ல பைக்ல மூணு பேர் போனா ஓரம் கட்டி ஃபைன் போடுவான், இங்க கார்ல மூணு பேர் இல்லன்னா ஃபைன் போடுறான். அதுவும் குறைஞ்சது 490 டாலர். நான் எட்டி நிக்கிறேன், பெரியவங்க பேசுங்க.

---

சிக்னல்மேன்:

நியாயமான கேள்விதான் ப்ரோ. நான் இந்த டிராஃபிக் டேட்டாவோடதான் தினம் மல்லுக்கட்டறேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

முதல்ல அந்த லேன் நிஜமாவே காலியான்னு பாப்போம். நம்ம கண்ணு எத்தனை வண்டி போச்சுன்னு எண்ணாது, எவ்வளவு நெருக்கமா நிக்குதுன்னுதான் பாக்கும். எக்ஸ்பிரஸ் லேன்ல ஒரு மணி நேரத்துக்கு 1,600 வண்டி 65 மைல் வேகத்துல போகுதுன்னு வைங்க. அப்படின்னா ரெண்டேகால் செகண்டுக்கு ஒரு வண்டி. அந்த வேகத்துக்கு ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவுல 200 அடிக்கு மேல வரும், பதிமூணு கார் வரிசையா நிறுத்தலாம் அந்த இடத்துல. நீங்க நிக்கிற லேன்ல 15 மைல் வேகத்துல ஊருது, மணிக்கு 1,400 வண்டி தாண்டுதுன்னு வைங்க, அங்க 57 அடிக்கு ஒரு வண்டி. பாக்க ரோடு நிறைஞ்சு வழியுது. ஆனா எண்ணிப் பாத்தா காலியா தெரியற லேன்லதான் அதிக வண்டி போயிருக்கு! நம்பிக்கை இல்லன்னா ஒரு நாள் ஃப்ரீவே மேல போற நடைபாலத்துல நின்னு போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு அஞ்சு நிமிஷம் ஒரு லேன், அஞ்சு நிமிஷம் அடுத்த லேன்னு எண்ணிப் பாருங்க.

இது வண்டிக் கணக்கு மட்டும்தான். ஆள் கணக்கு எடுத்தா இன்னும் மாறும். சாதா லேன்ல காலைல வண்டிக்கு சராசரி 1.1 ஆள்னு வச்சா 1,400 வண்டிக்கு சுமார் 1,540 பேர். சுத்தமான கார்பூல் லேன்ல வண்டிக்கு ரெண்டு பேர்னு வச்சாலே 3,200 பேர், பஸ் போனா இன்னும் மேல. (எக்ஸ்பிரஸ் லேன்ல காசு கட்டிட்டு ஒத்த ஆளா போறவங்களும் இருக்கறதால அந்த ரெண்டு கொஞ்சம் இறங்கும், அதை மறைக்க விரும்பல.)

சரி, திறந்துவிட்டா என்ன ஆகும்? ஒரு லேனோட கொள்ளளவு எல்லா நேரமும் ஒரே மாதிரி இருக்காது. அமெரிக்க ஹைவே கெப்பாசிட்டி கையேட்டுல நல்ல கண்டிஷன்ல ஒரு லேனுக்கு மணிக்கு 2,400 கார் வரைக்கும் சொல்றாங்க, நடைமுறைல 2,000 பக்கம் கிடைச்சாலே பெருசு. அந்த எல்லையை தொட்டுட்டு இன்னும் வண்டி உள்ள வந்துக்கிட்டே இருந்தா ஒருத்தன் பிரேக் அடிப்பான், பின்னாடி பத்து பேர் அடிப்பாங்க, ஃப்ளோ உடைஞ்சுரும். உடைஞ்சதுக்கு அப்புறம் அதே லேன் 2,000 தள்ளாது, அதுக்கும் கீழதான் தள்ளும். கல்யாணத்துல பந்திக்கு கதவைத் திறந்ததும் எல்லாரும் முண்டியடிச்சா வாசல்லயே சிக்கிக்கிட்டு ஒருத்தனும் உள்ள போக முடியாதே, அதுதான். ராம்ப் மீட்டர்னு ஏறுற இடத்துல சிவப்பு லைட் வச்சு ஒண்ணு ஒண்ணா விடறது இதை தள்ளிப்போடத்தான், உங்களை கடுப்பேத்த இல்ல.

இன்னைக்கு 880ல நிக்கிற கூட்டத்துக்கு அந்த ஒரு லேனை திறந்தா கொஞ்ச நேரத்துலயே அதுவும் இதே மாதிரி ஊர ஆரம்பிச்சுரும். உங்களுக்கு மிஞ்சிப்போனா சில நிமிஷம் மிச்சம், பஸ்லயும் வேன்லயும் போறவங்களுக்கு பெரிய நஷ்டம்.

---

டப்ளின் கட்டபொம்மன்:

சிக்னல்மேன் அண்ணே, கணக்கு அழகா இருக்கு, ஆனா கார்பூல் லேன் கட்சியோட பிரச்சார பேச்சு மாதிரியும் இருக்கு. மறுபக்கத்தையும் சொல்லணும்ல?

பெர்க்லி யூனிவர்சிட்டி பிரவீன் வராய்யாவும் ஜேம்யங் க்வானும் கலிஃபோர்னியா பூரா வண்டி எண்ண ரோட்டுக்குள்ள பதிச்சிருக்கற லூப் டிடெக்டர் டேட்டாவை அலசி 2008ல ஒரு ஆய்வு போட்டாங்க. ஒத்தை கார்பூல் லேன் மணிக்கு 1,600 வண்டிக்கு மேல தாண்டறதே இல்ல, சாதா லேன் 2,000 தள்ளுது, ஆக அஞ்சுல ஒரு பங்கு கொள்ளளவு வேஸ்ட்டு, அதோட கார்பூல் பண்றவங்களும் பெருசா கூடலன்னு சொன்னாங்க. நீங்க எடுத்துக்கிட்ட 1,600ங்கறது சும்மா வந்த நம்பர் இல்லண்ணே, அதுதான் அந்த லேனோட உச்சமே. நீங்க அதை சராசரி மாதிரி போட்டுட்டீங்க.

அடுத்தது யாரு கார்பூல் பண்றாங்கன்னு பாருங்க. புருஷன் பொண்டாட்டி, ஸ்கூலுக்கு புள்ளைங்களை கூட்டிட்டு போற அப்பா அம்மா, இவங்கதான் பெரும்பாலும். லேன் இல்லன்னாலும் இவங்க ஒண்ணாத்தான் போயிருப்பாங்க, புதுசா ஒரு கார் கூட ரோட்ல இருந்து குறையல. காசு கட்டி போறது பெரிய சம்பளக்காரன். லெக்சஸ் (சொகுசு கார்) லேன்னு பேரு வச்சதே அதனாலதான். வீடு கிளீன் பண்ற அம்மா ஹேவர்ட்ல இருந்து பாலோ ஆல்டோ போகணும், லேட்டானா அவங்களுக்குத்தான் அன்னைக்கு சம்பளம் கட், மீட்டிங்குக்கு லேட்டானா உங்களுக்கும் எனக்கும் என்ன ஆகப்போகுது? வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு டோல்ல டிஸ்கவுன்ட்னு 2023ல 880ல ஒரு சோதனைத் திட்டம் ஆரம்பிச்சாங்க, நல்ல விஷயம்தான், ஆனா அதுக்கு அப்ளை பண்ணனும்ங்கற விஷயமே அந்த அம்மாவுக்கு யாரு போய் சொல்றது?

---

கோயம்புத்தூர்காரி:

நான் எல்ஏ (லாஸ் ஏஞ்சலஸ்) பக்கமுங்க, பசடேனா தாண்டி. இந்தக் கேள்விக்கு எங்க ஊர்ல நடந்ததையே பதிலா சொல்லலாம், ரெண்டு தடவை சூடு பட்ட ஊரு இது.

1976 மார்ச்ல சான்டா மோனிகா ஃப்ரீவேல, அதாவது 10ல, இருந்த லேன்ல ஒண்ணை எடுத்து மூணு பேர் இருந்தாத்தான் போகலாம்னு வைர குறி (கார்பூல் லேனுக்கான அடையாளம்) போட்டு விட்டாங்க. புதுசா எதுவும் கட்டல, இருந்ததைத்தான் எடுத்தாங்க. ஊரே கொதிச்சு எழுந்திருச்சு. பஸ்ல போறவங்க கூடினாங்க, கார்பூல் கூடுச்சு, ஆனா மத்த லேன்ல நிக்கிறவனுக்கு அதெல்லாம் கண்ல படுமாங்க? கேஸ் போட்டு, 21 வாரத்துல ஃபெடரல் ஜட்ஜ் மேத்யூ பைர்ன் நிறுத்தி வச்சுட்டார். அதுல இருந்து கலிஃபோர்னியால யாருக்கும் இருக்கற லேனை எடுத்து கார்பூலுக்கு குடுக்க தைரியம் வரதில்ல, கார்பூல் லேன் வேணும்னா புதுசா அகலப்படுத்து, அதுதான் பழக்கமாப் போச்சு. இத்தனை பில்லியன் ஏன் செலவாகுதுன்னு கேட்டா பாதி பதில் அங்க இருக்கு.

அடுத்தது எல் மான்டே. அதே 10தான், ஆனா டவுன்டவுனுக்கு கிழக்கால. 1973ல பஸ்ஸுக்கு மட்டும்னு ஆரம்பிச்சு அப்புறம் மூணு பேர் இருக்கற காரையும் விட்டாங்க, வருஷக்கணக்கா ஜம்முனு ஓடுச்சு. லேன் காலியா கிடக்கு, மூணை ரெண்டாக்குங்கன்னு அரசியல்வாதிக கிட்ட போயி மக்கள் கேட்டு, சட்டமே போட்டு 2000 ஜனவரில ரெண்டு பேர்னு ஆக்குனாங்க. என்ன ஆச்சு தெரியுங்களா? 65 மைல்ல ஓடிட்டு இருந்த லேன் பீக் அவர்ல 20 மைலுக்கு வந்துருச்சு. பஸ்ல போறவங்க எல்லாம் கத்தி, அதே வருஷம் ஜூலைல பீக் நேரத்துக்கு மட்டும் மறுபடி மூணு. சாதா லேன்ல போனவங்களுக்கும் ஒரு பிரயோஜனமும் இல்ல. கேள்வி கேட்ட தம்பி சொல்றது நூத்துக்கு நூறு அதேதானுங்க, திறந்து பாத்தாச்சு. ஆறே மாசத்துல மூடிட்டாங்க.

எங்க 405 ஃப்ரீவே கதையும் சொல்லிப் போடறேன். செபுல்வேடா பாஸ்ல வடக்க போற பக்கம் பத்து மைலுக்கு ஒரே ஒரு கார்பூல் லேன். 2009ல ஆரம்பிச்சு 2014 மே மாசம் திறந்தாங்க, பில்லியன் டாலருக்கு மேல போச்சு. முல்ஹாலண்ட் பாலத்தை இடிக்க 2011 ஜூலைல ஒரு வீக்கெண்ட் ரோட்டையே மூடி, கார்மகெடான்னு பேரு வச்சு உலகமே அழியப்போற மாதிரி நியூஸ்ல ஓட்டுனாங்க, எல்லாரும் பயந்து வீட்லயே இருந்ததுல அன்னைக்குத்தான் எல்ஏ ரோடு எல்லாம் வெறிச்சோடி அருமையா இருந்துச்சாம். லேன் திறந்த அப்புறம் சாயங்காலம் அளந்து பாத்தா டைம் பழைய மாதிரியேதான் இருந்துச்சு, ஒரு நிமிஷம் கூடவே ஆச்சுன்னு கூட சொன்னாங்க. அதிகாரிக என்ன சொன்னாங்கன்னா பீக் அவர் சுருங்கிருக்கு, ஒரு மணி நேரத்துல முந்தி விட அதிக வண்டி தாண்டுதுன்னு. அது பொய்யில்லீங்க. ஆனா ஸ்டியரிங்ல உக்காந்திருக்கறவனுக்கு அவன் எத்தனை மணிக்கு வீடு போய் சேந்தான்கறதுதான கணக்கு.

---

கேட்டி மொட்டைமாடி:

ஹூஸ்டன்ல இருந்து உள்ளேன் ஐயா. லேன் போட்டா சரியாகும்னு நினைக்கிறவங்க எங்க ஊருக்கு ஒரு தடவை வந்துட்டு போங்க, சோறு போட்டு அனுப்பறேன்.

ஐ-10 கேட்டி ஃப்ரீவே, 2003ல இருந்து 2008 வரைக்கும் அகலப்படுத்தினாங்க, சுமார் 2.8 பில்லியன் டாலர், பக்கத்துல ஓடுன பழைய ரயில் பாதை இடத்தையும் சேர்த்து எடுத்துக்கிட்டாங்க. சர்வீஸ் ரோடையும் சேர்த்து எண்ணுனா அகலமான இடத்துல 26 லேன் வரும். கொஞ்ச வருஷம் சுகமா இருந்துச்சுன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க. அப்புறம் 2011க்கும் 2014க்கும் நடுவுல டவுன்டவுன்ல இருந்து வெளிய வர்ற சாயங்கால பயண நேரம் 55 சதவீதம் கூடிப்போச்சு, காலைல 30 சதவீதம். ரோடு பெருசாச்சு, வீடு இன்னும் தள்ளிப்போச்சு, அவ்ளோதான். நானே அந்த ரோட்டை நம்பித்தான் கேட்டில வீடு வாங்குனேன், நானும் ஒரு வண்டிதானே.

எங்க கார்பூல் லேன் சரித்திரமும் அந்த அக்கா சொன்ன எல் மான்டே மாதிரியேதான். 1984ல நடுவுல சுவர் கட்டி ஒரே ஒரு லேன், காலைல உள்ள போற பக்கம், சாயங்காலம் வெளிய வர்ற பக்கம். முதல்ல பஸ்ஸும் பர்மிட் வாங்குன வேனும் மட்டும். ரொம்ப காலியா இருக்குன்னு சத்தம், நாலு பேர் கார் விட்டாங்க, அப்புறம் மூணு, அப்புறம் ரெண்டு. ரெண்டானதும் லேன் திணறிப்போச்சு, 1988ல காலை பீக்ல மறுபடி மூணு. மூணாக்குனதும் திரும்ப காலி! ரெண்டு பேர்னா வழியுது, மூணு பேர்னா ஈ ஓட்டுது, நடுவுல ரெண்டரை பேர்னு ரூல் போட முடியாது. அதனால 1998ல ரெண்டு பேர் இருந்தா 2 டாலர் கட்டிட்டு வாங்கன்னு ஒரு திட்டம் கொண்டுவந்தாங்க. இப்ப எல்லா ஊர்லயும் போடற எக்ஸ்பிரஸ் லேன் ஐடியா அந்த ரெண்டரை ஆளை காசு வச்சு உருவாக்கறதுதான்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். சிக்னல்மேன் சார் தப்புன்னா சொல்லுங்க.

ஒண்ணு மட்டும் கேட்டிக்கு ஆதரவா சொல்லிடறேன். நேரம் குறையலங்கறதுக்காக அந்த ரோடு வேஸ்ட்டுன்னு சொல்லிட முடியாது, முன்ன விட எவ்வளவோ அதிகம் பேர் அதுல போறாங்க. அந்த மக்களுக்கு வீடு கிடைச்சுது, வேலை கிடைச்சுது. ஜாம் குறையும்னு சொல்லி வித்தாங்க பாருங்க, அதுதான் தப்பு.

---

கும்மிடிப்பூண்டி எக்ஸ்பிரஸ்:

அடேங்கப்பா, இவ்வளவு பதில் எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. எல் மான்டே கதை எனக்கு சரியான அடி. ஆனா இப்ப குழப்பம் இன்னும் கூடிருச்சு. ஒத்தை லேன் 1,600ஓட நின்னுருதுன்னு கட்டபொம்மன் சொல்றாரே, அது ஏன்? சாதா லேன் மாதிரியே அதே தார், அதே அகலம், அதே வண்டிங்கதானே போகுது, ஏன் 2,000 போகாது? ஈவி ஸ்டிக்கர் பத்தியும் யாரும் சொல்லல.

---

சிக்னல்மேன்:

கேட்டி சார், சரியாத்தான் புரிஞ்சு வச்சிருக்கீங்க. கட்டபொம்மன் சொன்னதும் பாயின்ட்தான், 1,600 உச்சம் பக்கத்துல உள்ள நம்பர்தான், மாநில போக்குவரத்து துறை கேல்ட்ரான்ஸே ஒத்தை கார்பூல் லேனுக்கு 1,650னு வச்சுத்தான் டிசைன் பண்றாங்க. ஆனா நான் சொன்னது பீக் நேரத்துல நல்லா நிறைஞ்சு ஓடற லேனைப் பத்தி, ராத்திரி கணக்கு இல்ல.

ஏன் 2,000 வராதுன்னா ரெண்டு காரணம். ஒண்ணு, முன்னாடி ஒருத்தர் 55ல போனா பின்னாடி இருக்கற எல்லாரும் 55தான், தாண்டிப் போக வழியே இல்ல. அவருக்கு முன்னாடி அரை மைல் வெறும் ரோடா கிடக்கும், நீங்க பாக்கற அந்த வெத்திடம் பாதி இதுதான். ரெண்டாவது பயம். வலது பக்கம் வண்டிங்க 10 மைல்ல நிக்குது, எவன் எப்ப திடீர்னு ஸ்டியரிங்கை ஒடிச்சு வெளிய வருவான்னு தெரியாது, அந்த வண்டிச் சுவர் பக்கத்துல 70ல போக மனசு வருமா? தன்னால கால் ஆக்ஸிலரேட்டர்ல இருந்து எடுத்துருவோம். அதனாலதான் பக்கத்து லேன் வேகத்தை பொறுத்து கார்பூல் லேன் வேகமும் இறங்குது. ரெண்டு லேனா போட்டா முதல் பிரச்சனை தீந்துரும். சியாட்டில் பக்கம் இருக்கற 405ல (எல்ஏ 405 இல்ல, அது வேற) 2015ல எக்ஸ்பிரஸ் லேன் திறந்தப்போ பெல்வியூவுக்கும் பாத்தெல்லுக்கும் நடுவுல ரெண்டு லேன், அதுக்கு வடக்க ஒரே லேன். ரெண்டு லேன் இருக்கற இடம் நல்லா ஓடுச்சு, ஒத்தை லேன் பகுதிதான் திணறுச்சு, ஒரே ரோடு, ஒரே டோல் சிஸ்டம்.

இப்ப ஈவி. இதுக்கு உங்க 880லயே நடந்த ஒரு உதாரணம் இருக்கு. முந்தி 85,000 ஹைப்ரிட் காருக்கு மஞ்சள் ஸ்டிக்கர் குடுத்து ஒத்த ஆளா கார்பூல் லேன்ல விட்டாங்க, 2011 ஜூலை 1ஓட அதை நிறுத்துனாங்க. எல்லாரும் உங்க ஆபீஸ் ஆளுங்க மாதிரிதான் நினைச்சாங்க, கார்பூல் லேன் பறக்கப்போகுதுன்னு. பெர்க்லி ஆளுங்க ஹேவர்ட் பக்கம் ஒரு நாலு மைல் துண்டை எடுத்து அளந்தா, கார்பூல் லேனே 15 சதவீதம் மெதுவாயிருக்கு! வெளிய தள்ளுன ஹைப்ரிட் எல்லாம் சாதா லேன்ல சேர்ந்து அது இன்னும் ஜாமாகி, ஜாமான லேன் பக்கத்துல போக பயந்து கார்பூல் லேனும் இறங்கிருச்சு. அதனால 2025 செப்டம்பருக்கு அப்புறம் அந்த லேன் பறக்கும்னு நான் பந்தயம் கட்ட மாட்டேன். ஆனா அப்ப அது இலவச கார்பூல் லேன், இப்ப டோல் இருக்கு, இடம் காலியானா விலையை இறக்கி வேற ஆளை உள்ள இழுத்துரும், அதனால அப்படியே நடக்கும்னும் சொல்லல.

இந்த விஷயத்துல இன்னொரு வேடிக்கை, வராய்யா கார்பூல் லேனை வறுத்தெடுத்த அதே பெர்க்லிலதான் காசிடி, டகான்சோன்னு ரெண்டு பேர், கார்பூல் லேன் இருந்தா மத்த வண்டிங்க லேன் மாத்திக்கிட்டே இருக்கறது குறைஞ்சு, நெரிசல் புள்ளில மொத்தமா அதிக வண்டி வெளிய போகுதுன்னு காட்டுனாங்க. ஒரே கேம்பஸ், ஒரே மாநிலத்து ரோடுங்க, ரெண்டு முடிவு. நான் இத்தனை வருஷம் டேட்டா பாத்ததுல காசிடி பக்கம்தான் சாயறேன், ஆனா எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது, நெரிசல் எங்க ஆரம்பிக்குதுங்கறதை பொறுத்தது.

101ல ஏன் சாதா லேன் போடலன்னு கேட்டீங்க. வடக்கு பாதில, ரெட்வுட் சிட்டி விப்பிள் அவென்யூல இருந்து சான் புரூனோ 380 ஃப்ரீவே வரைக்கும்தான் புதுசா லேன் வந்தது, 2023 மார்ச்ல திறந்தாங்க. தெக்க இருந்த கார்பூல் லேனை அப்படியே எக்ஸ்பிரஸா மாத்தி ஒரு வருஷம் முன்னாடியே விட்டாச்சு. சாதா லேன் போட்டா அது நிறைஞ்சுரும்னு எல்லாருக்கும் தெரியும். டியூரன்டன், டர்னர்னு ரெண்டு பொருளாதார ஆளுங்க 2011ல அமெரிக்க நகரங்களை எல்லாம் எடுத்து, லேன் எவ்வளவு கூடுதோ ஓட்டற மைலும் கிட்டத்தட்ட அதே அளவு கூடுதுன்னு காட்டிட்டாங்க. அதோட 2020 ஜூலைல இருந்து கலிஃபோர்னியால ரோடு அகலப்படுத்தற திட்டத்தோட சுற்றுச்சூழல் பாதிப்பை கணக்கு போடும்போது ஜாம் எவ்வளவு குறையுதுன்னு பாக்கறதை விட மக்கள் மொத்தமா எவ்வளவு மைல் கூடுதலா ஓட்டுவாங்கன்னுதான் பாக்கணும். விலை வச்சு கட்டுப்படுத்தற லேனுக்கு அந்த பரீட்சைல பாஸ் ஆக சாதா லேனை விட கொஞ்சம் வாய்ப்பு கூட.

---

டப்ளின் கட்டபொம்மன்:

விலை வச்சு கட்டுப்படுத்தறதுன்னு அழகா சொல்லிட்டீங்க, 91 ஃப்ரீவே ஞாபகம் இருக்கா? ஆரஞ்ச் கவுண்டில 1995ல தனியார் கம்பெனிகிட்ட குடுத்து எக்ஸ்பிரஸ் லேன் போட்டாங்க, ஒப்பந்தத்துல ஒரு ஷரத்து, பக்கத்துல இருக்கற இலவச லேனை அரசாங்கம் பெருசு பண்ணக்கூடாதுன்னு. ஜாம் இருந்தாத்தான அவனுக்கு வியாபாரம். கடைசில 2003ல கவுண்டி போக்குவரத்து அமைப்பு 207.5 மில்லியன் டாலர் குடுத்து அதை திரும்ப வாங்குச்சு. இப்ப பே ஏரியால நடத்தறது பொது அமைப்புங்கதான், அதை ஒத்துக்கறேன், ஆனா டோல் வருமானத்துக்கு பழகிட்ட அமைப்புக்கு சாதா லேன் வேகமா ஓடணும்னு எவ்வளவு ஆசை இருக்கும்? அந்த காசுல ஒழுங்கா பஸ் விட்டா நான் வாயை மூடிக்கிறேன்.

---

சிக்னல்மேன்:

அந்த ஷரத்து கொடுமைதான், மறுக்கவே மாட்டேன். பஸ் விஷயத்துலயும் உங்க கட்சிதான் நான்.

---

ஆட்டோ ஸ்டாண்ட் அமுதா:

ரெண்டு மாச குழந்தை கார் சீட்ல இருந்தா ஒரு ஆள் கணக்கா? சீரியஸா கேக்கறேன், எங்க வீட்ல சண்டை.

---

கோயம்புத்தூர்காரி:

குழந்தையும் ஒரு ஆளுதானுங்க, கலிஃபோர்னியால தாராளமா கணக்கு. வயித்துல இருக்கற குழந்தை கணக்கில்ல. 2022ல டல்லஸ் பக்கம் ஒரு கர்ப்பிணி பொண்ணு கார்பூல் லேன்ல மாட்டி, என் வயித்துல இருக்கறதும் ஒரு ஆளுதான்னு போலீஸ்கிட்ட வாதாடி அது நாடு பூரா நியூஸ் ஆச்சு. பொம்மையை உக்கார வச்சு மாட்டுனவங்க கதை தனி.

---

கும்மிடிப்பூண்டி எக்ஸ்பிரஸ்:

சரி, தோத்தேன்னு சொல்லல, ஆனா திறந்துவிடுங்கன்னு இனிமே கேக்க மாட்டேன். ஒரு பிராக்டிகல் சந்தேகம், எங்க அபார்ட்மென்ட்ல ஒரு அண்ணா சன்னிவேல் போறார், அவரோட பேசிப் பாக்கப்போறேன். ரெண்டு பேர்னா 880ல பாதி டோல்தானே? பழைய ஃபாஸ்ட்ராக் டேக்கே (கார்ல ஒட்டற டோல் கருவி) போதுமா, இல்ல வேற வாங்கணுமா?

---

சிக்னல்மேன்:

ஆமா, 880ல வார நாள் காலை 5ல இருந்து ராத்திரி 8 வரைக்கும் ரெண்டு பேர்னா பாதி, மூணு பேர்னா ஃப்ரீ. சாதா டேக் பத்தாது, அதுல எத்தனை பேர்னு சொல்ல முடியாது, முழு டோல் எடுத்துரும். ஃபாஸ்ட்ராக் ஃப்ளெக்ஸ் வாங்குங்க, 1, 2, 3னு நகத்தற சின்ன ஸ்விட்ச் இருக்கும், வண்டி எடுக்கறதுக்கு முன்னாடியே நகத்திருங்க. அந்த அண்ணாவை இறக்கிவிட்டதும் மறக்காம 1க்கு மாத்துங்க, ஸ்விட்ச் எதுல இருக்குன்னு ஹைவே பேட்ரோலுக்கு தெரியும்.

---

பிரியாணி டைம்:

அந்த அண்ணா எத்தனை மணிக்கு கிளம்புவார்னு முதல்ல கேளுங்க ப்ரோ. என் கார்பூல் பார்ட்னர் எட்டுன்னா எட்டே முக்கால்.